மருமகளின் அனுமதி அட்டை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சிங்கப்பூரர்கள் வெளிநாட்டவரைக் கல்யாணம் செய்துகொள்வதைப் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இன்று குடிமக்கள் செய்துகொள்ளும் திருமணங்களில் சுமார் மூன்றில் ஒன்றில் கணவனோ மனைவியோ சிங்கப்பூர்க் குடியுரிமை இல்லாதவர். எங்கள் வீட்டுக் கல்யாணமும் அப்படித்தான். மருமகள் வியட்நாமின் கான்தோ நகரத்துப் பெண். வந்து எட்டு வருடமாகிறது.

இரண்டு புத்தாண்டு, இரண்டு வகைச் சாப்பாடு என்று கட்டுரை நன்றாகவே இருந்தது. ஆனால் வெளிநாட்டுத் துணை இங்கே தங்கியிருக்கத் தேவையான அனுமதி அட்டையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எங்களைப் போன்ற வீடுகளில் தினமும் பேசுவது அதைத்தான்.

மருமகளிடம் இருப்பது 2012ல் அறிமுகமான நீண்டகால வருகை அனுமதி பிளஸ். முதல் தடவை மூன்று ஆண்டுவரை தருவார்கள், புதுப்பித்தால் ஐந்து ஆண்டுவரை. மருத்துவமனையில் தங்கினால் மானியம் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் வேலைக்குப் போகத் தனியாக அனுமதிக் கடிதம் வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டில் அவள் வெறும் குடியிருப்பாளர்தான், உரிமையாளராகப் பெயர் சேர்க்க முடியாது. நிரந்தரவாசத்துக்கு இரண்டு முறை விண்ணப்பித்தோம், கிடைக்கவில்லை.

பேத்தி தொடக்கநிலை ஒன்றில் தமிழ் படிக்கிறாள். பிறப்புச் சான்றிதழில் அவள் இனம் ‘இந்தியர்-வியட்நாமியர்’. 2011லிருந்து இப்படி இரண்டையும் சேர்த்துப் பதியலாம். மகளோடு உட்கார்ந்து தாயும் எழுத்துப் படித்துவிட்டாள். தேக்கா சந்தைக்கு எனக்குச் சீட்டு எழுதித் தருவது அவள்தான். ‘கொதமலி’ என்றுதான் எழுதுவாள். நான் திருத்துவதில்லை.

போன வருடம் மகன் நெஞ்சுவலியோடு மருத்துவமனையில் கிடந்தபோது, நடைவழியில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “அத்தை, இவருக்கு ஏதாவது ஆனா, என்னை ஊருக்கு அனுப்பிடுவாங்களா?” கணவன் அப்படிக் கிடக்கையில் ஒரு மனைவிக்கு இந்தப் பயமும் வர வேண்டுமா?

அப்படி நேர்ந்தால் ஒவ்வொருவர் நிலையையும் தனித்தனியாகப் பரிசீலிப்பார்கள் என்கிறார்கள். சரி, ஆனால் அது தூக்கம் தரும் பதில் இல்லை. குடியுரிமையுள்ள பிள்ளையை இங்கே வளர்க்கும் வெளிநாட்டுத் தாய்க்கும் தந்தைக்கும், இத்தனை ஆண்டு ஆனால் நிரந்தரவாசம் கிடைக்கும் என்று வெளிப்படையான ஒரு விதி வேண்டும். துணை இறந்துபோனால், பிள்ளைக்கு 21 வயதாகும்வரை அட்டை தானாகத் தொடர வேண்டும்.

அடுத்த கட்டுரைக்கு இந்தப் பெண்களிடமே போய்ப் பேசுங்கள். என் மருமகள் தமிழிலேயே பதில் சொல்வாள். அவள் அட்டை வரும் மார்ச்சில் முடிகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்