பதிவேட்டில் பெயர் இல்லாவிட்டால் பொய்யா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூதாதையர் தேடல் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தங்கள் முப்பாட்டனார் கெரில்லாவாகச் சண்டையிட்டார் என்று மிசௌரி மாநிலக் குடும்பம் ஒன்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறது. கட்டுரையாளர் தெற்குக் கூட்டமைப்புப் படையின் பதிவேட்டில் தேடியிருக்கிறார், பெயர் கிடைக்கவில்லை. "எனவே இது குடும்பத்தார் கட்டிவிட்ட கதை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த வரி அச்சேறும் முன், கெரில்லாவின் பெயர் ராணுவப் பதிவேட்டில் ஏன் இருக்க வேண்டும் என்று ஆசிரியர் குழுவில் ஒருவராவது கேட்டிருக்கக் கூடாதா?

மிசௌரியின் நிலவரம் தாங்கள் அறியாததல்ல. அடிமை முறை இருந்தும் ஒன்றியத்தின், அதாவது வடக்கு அரசின், பிடியிலேயே நின்ற மாநிலம் அது. 1861இல் தெற்கின் பக்கம் நின்ற மாநிலக் காவல்படையில் ஆறு மாதத் தவணைக்குச் சேர்ந்தவர்களில் பலர், தவணை முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். ஊரில் ஒன்றியப் படை முகாமிட்டிருந்தது. 1862 ஜூலை 22 அன்று ஒன்றியப் படையின் ஜெனரல் ஸ்கோஃபீல்ட், உடல் திடமுள்ள ஆண்கள் எல்லோரும் ஒன்றிய ஆதரவு உள்ளூர்ப் படையில் பெயர் பதிய வேண்டும் என்று உத்தரவிட்டார். பலரைக் காட்டுக்குள் விரட்டியது அந்த உத்தரவுதான். அதற்கு முந்தைய மாதமே அர்கான்ஸாவிலிருந்து தெற்குப் படையின் ஜெனரல் ஹிண்ட்மன், பத்துப் பேர் கூடினால் தங்களுக்குள் ஒரு கேப்டனைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் தாக்குதலில் இறங்கலாம் என்று அறிவித்திருந்தார். அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கவே கேப்டன் செய்யும் சத்தியப் பிரமாணம்தான் ஆதாரம். மறுபக்கம் ஒன்றியப் படையின் ஜெனரல் ஹாலெக், அத்தகைய கூட்டத்தில் சேர்ந்தவன் உயிரை இழப்பான் என்று 1862 மார்ச்சிலேயே ஆணையிட்டுவிட்டார். பிடிபட்டால் தூக்கு என்றிருக்கும்போது யார் உட்கார்ந்து பெயர்ப்பட்டியல் எழுதுவார்கள்?

கெரில்லாவைத் தேட வேண்டிய இடம் எதிரியின் காகிதங்கள். இதைக் கட்டுரையாளரிடம் யாரும் சொல்லவில்லை போலும். ஒன்றியப் படையின் புரோவோஸ்ட் மார்ஷல்கள், அதாவது ராணுவக் காவல் அதிகாரிகள், பொதுமக்களைப் பற்றிச் சேர்த்துவைத்த காகிதங்கள் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் எம்345 என்ற எண்ணில் 300 மைக்ரோஃபிலிம் சுருள்களாக இருக்கின்றன. அவை ஆட்களின் பெயர் வரிசைப்படி இருக்கும். ஒரே காகிதத்தில் இருவரோ அதற்கு மேற்பட்டவர்களோ வந்தால் அது எம்416இல் இருக்கும், அது 94 சுருள். மிசௌரி பற்றிய காகிதங்களுக்கு அந்த மாநில ஆவணக் காப்பகமே இணையத்தில் பெயர் அகரவரிசை போட்டு வைத்திருக்கிறது.

இந்தக் காகிதங்களை நெடுநாளாக வாசித்துவருகிறேன், இங்குள்ள குடும்பங்களுக்குத் தேடிக்கொடுத்தும் வருகிறேன். ஆகவே எங்கே சறுக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எழுத்தர் காதில் விழுந்தபடி பெயரை எழுதுவார். ஒரே ஆள் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில் வெவ்வேறு சுருள்களில் கிடப்பார். முதலில் 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடும்பத்தைக் கண்டுபிடித்து, அதே பக்கத்திலும் முன்பின் பக்கங்களிலும் உள்ள அக்கம்பக்கத்தாரின் பெயர்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அந்த ஆளை விட்டுவிட்டு அவருடைய தாய், மனைவி, சகோதரிகள், மைத்துனர்கள் பெயரில் தேட வேண்டும். ஏனென்றால் காட்டில் இருந்தவன் சிக்கமாட்டான், அவனுக்குச் சோறு போட்டவள்தான் சிக்குவாள். விசாரணை வாக்குமூலத்தில், இன்னார் மகன் இரவில் குதிரையோடு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனான் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருப்பார். எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தால் கீழே ஒரு பெருக்கல் குறி, அதன் இருபுறமும் எழுத்தர் கையால் எழுதிய பெயர். விசுவாசப் பிரமாணம், ஜாமீன் பத்திரம், செயின்ட் லூயிஸின் கிராஷியட் தெருச் சிறைக்கோ இல்லினாய்ஸின் ஆல்டன் சிறைக்கோ அனுப்பிய குறிப்பு ஆகியவையும் அங்கேயே கிடைக்கும். ராணுவ ஆணையம் விசாரித்த வழக்கென்றால் அது ராணுவ நீதிமன்றக் கோப்புகளில் தனியாக இருக்கும்.

பதிவேட்டில் பெயர் இருந்தாலும் அவசரப்படக் கூடாது. ஒரே பெயரில் பல பேர் இருப்பார்கள், மாவட்டமும் வயதும் பொருந்த வேண்டும். 'ஓடிப்போனவன்' என்று குறித்திருந்தால் அவன் சண்டையை விட்டுவிட்டான் என்று பொருளில்லை. ஊர்ப்பக்கக் காட்டில் சேர்ந்திருக்கலாம். மிசௌரி பிற்காலத்தில் தெற்குப் படையினருக்கு ஓய்வூதியம் தரத் தொடங்கியது. முறையான ரெஜிமென்ட் பெயரைச் சொன்னால்தான் விண்ணப்பம் எடுபடும் என்பதால் அந்த மனுக்களை அப்படியே நம்பக் கூடாது. கெரில்லாத் தலைவன் குவான்ட்ரிலின் ஆட்கள் என்று பிற்காலத்தில் தொகுத்த பெயர்ப்பட்டியல்களும் அப்படித்தான். போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்து, 1898இலிருந்து நடந்த ஆண்டுக் கூட்டங்களின் நினைவிலிருந்து வந்தவை அவற்றில் பல.

கட்டுரையோடு வந்த படத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சாம்பல் நிறச் சீருடையில் துப்பாக்கியோடு அணிவகுத்து நிற்கும் குதிரைப்படையைப் போட்டு 'மிசௌரி கெரில்லாக்கள்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். கெரில்லாக்கள் பல நேரம் ஒன்றியப் படையிடம் பறித்த நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் அருகில் வருவார்கள். உள்ளே வீட்டுப் பெண்கள் பூவேலை செய்து தைத்துத் தந்த, பெரிய பைகள் வைத்த சட்டை. ஆயுதம் கோல்ட் நேவி போன்ற ஆறு குண்டு ரிவால்வர்கள். ஒவ்வொரு அறையிலும் மருந்து கொட்டி, குண்டு வைத்து, நெம்புகோலால் இறுக்கி, பின்னால் மருந்தைப் பற்றவைக்கும் சிறு உலோகத் தொப்பி மாட்ட வேண்டும். ஓடும் குதிரையில் அது நடக்காது. அதனால் இடுப்பிலும் சேணத்திலுமாக இரண்டு முதல் ஆறு வரை வைத்திருப்பார்கள். 1864 செப்டம்பர் 27 அன்று மிசௌரியின் சென்ட்ரேலியாவில் ஒன்றியப் படை மேஜர் ஜான்ஸ்டனின் ஆட்கள் குதிரையை விட்டிறங்கி, ஒரு முறை சுட்டால் மீண்டும் வாய்வழியாக மருந்து கெட்டிக்க வேண்டிய என்ஃபீல்டுகளோடு நின்றார்கள். அடுத்த குண்டு போடுவதற்குள் கெரில்லாத் தலைவன் ஆண்டர்சனின் கூட்டம் மேலே வந்துவிட்டது. ஜான்ஸ்டனின் ஆட்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். படம் சரியாக இருந்தால் வாசகர் இதைப் பார்த்தே புரிந்துகொண்டிருப்பார்.

இப்படி எழுதுவதால் நான் அவர்களுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று எண்ண வேண்டாம். 1863 ஆகஸ்ட் 21 அன்று கன்சாஸின் லாரன்ஸ் நகரில் குவான்ட்ரில் தலைமையில் ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்களையும் சிறுவர்களையும் கொன்றவர்கள் அவர்கள். முன்பொரு முறை தங்கள் இதழ் குவான்ட்ரிலை ஏழைகளின் காவலன் என்று வர்ணித்தபோது அந்தச் சாவுகளைச் சுட்டிக்காட்டி எழுதினேன், அந்தக் கடிதத்தை நீங்கள் வெளியிடவில்லை. லாரன்ஸ் படுகொலைக்கு நான்கு நாள் கழித்துப் பிறந்த ஒன்றியப் படையின் 11ஆம் எண் ஆணை, ஜாக்சன், காஸ், பேட்ஸ் மாவட்டங்களையும் வெர்னனின் வடபகுதியையும் பதினைந்து நாளில் காலி செய்யச் சொன்னதைப் பற்றி எழுதியபோது பாதியை வெட்டி, பொருள் மாறும்படி வெளியிட்டீர்கள். அப்போது அவர்களை வீரராக்கினீர்கள், இப்போது அந்த முப்பாட்டனார் அவர்களில் ஒருவரே அல்ல என்கிறீர்கள். இரண்டுமே ஆவணத்தைத் திறந்து பார்க்காமல் எழுதியவை. நீண்டநாள் வாசகன் என்ற உரிமையில் இது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள்: படைப் பதிவேட்டில் பெயர் இல்லாதது கெரில்லாவாக இருக்கவில்லை என்பதற்கு ஆதாரமாகாது, புரோவோஸ்ட் மார்ஷல் காகிதங்களைப் பார்க்க வேண்டும் என்று. படக்குறிப்பையும் மாற்றுங்கள். அந்தக் குடும்பத்துக்கு எம்345, எம்416 என்ற இரண்டு எண்களையும் தயவுசெய்து கட்டுரையாளர் வழியாகத் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
செயின்ட் லூயிஸ், மிசௌரி