தாடையில் ஸ்க்ரூ இறக்குபவர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய முகத்தாடை அறுவை மருத்துவர்களுக்கு,

வணக்கம். பைக்கில் விழுந்து தாடை உடைந்தவர்களைத் தேற்றி அனுப்புகிறவர்கள் நீங்கள். மாதங்கள் கழித்து அவர்கள், "ஒரு பல்லு மட்டும் கறுத்துப்போச்சு டாக்டர்" என்று வந்து உட்காருவது என்னைப் போன்ற சிற்றூர்ப் பல் மருத்துவர்களிடம்.

மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் சேர்த்துக் கட்ட எலும்பில் ஸ்க்ரூ இறக்கும் முறை 1989-லேயே வந்துவிட்டது. அதைக் கைவிடச் சொல்லவில்லை. பல்வரிசையோடு வளைத்துக் கட்டும் உலோகப் பட்டையான ஆர்ச் பாரை வைத்துப் பல் பல்லாகக் கம்பி முறுக்கி, கையுறை கிழிந்து விரலில் குத்து வாங்கிய எவரும் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

ஆனால் ஸ்க்ரூவே சுமார் 2 மில்லிமீட்டர் தடிமன். கோரைப்பல் வேருக்கும் அடுத்த பல்லின் வேருக்கும் நடுவே கிடைப்பதும் சில மில்லிமீட்டர்தான். பற்கள் நெருக்கியடித்து முளைத்தவர்களுக்கு அதுவும் இல்லை. டிரில் போட்டுத் துளைக்கும்போது எலும்பா வேரா என்று கைக்குச் சட்டெனத் தெரியாது. துளையிடாமல் நேரே திருகும் ஸ்க்ரூ என்றால், வேரில் முட்டினால் பெரும்பாலும் இறங்க மறுக்கும், திருப்பி எடுத்துவிடலாம். வேரின் மேற்பரப்பு உரசியது பெரும்பாலும் தானே ஆறிவிடும். பல்லுக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் நரம்பறை வரை துளை போனால் பல் செத்துப்போகலாம்.

என் சிக்கல் அதன் பிறகு. அந்தப் பல் விபத்தில் அடிபட்டுச் செத்ததா, ஸ்க்ரூவினாலா? பக்கத்துப் பல்லிலும் ஐஸ் வைத்தால் உணர்ச்சி இல்லை. கீழ்த்தாடை முறிவில் நரம்பு நசுங்கியிருந்தால் ரத்த ஓட்டமுள்ள பல்லும் அப்படித்தான் மரத்துக் கிடக்கும். அவசரப்பட்டு அதற்கும் வேர் சிகிச்சை செய்துவிடக்கூடாது. டிஸ்சார்ஜ் சம்மரியைப் புரட்டினால் 'ஐ.எம்.எஃப். செய்யப்பட்டது', அதாவது இரு தாடைகளும் சேர்த்துக் கட்டப்பட்டன என்று ஒற்றை வரி. எத்தனை ஸ்க்ரூ, எந்தெந்தப் பல்லுக்கு நடுவே? ஒன்றும் இல்லை.

ஸ்க்ரூ போடுவதற்கு முன்பு எந்தப் பல் குளிர்ச்சியை உணர்கிறது என்று கேஸ் ஷீட்டில் குறியுங்கள். தலைக்காயத்தோடு நினைவில்லாமல் வருபவரிடம் இது நடக்காது, தெரியும். மற்றவர்களிடம் ஐந்து நிமிட வேலை. ஸ்க்ரூ போட்ட இடத்தைப் பல் எண்ணோடு சம்மரியில் எழுதுங்கள். வேரில் பட்டிருக்குமோ என்று தோன்றினால் மறைக்காமல் நோயாளியிடம் சொல்லிவிடுங்கள். இரு தாடைகளையும் ஒரே படமாகக் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயில் ஸ்க்ரூவும் வேரும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிவதை மட்டும் வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது என்பது உங்களுக்குத் தெரிந்ததே. அந்த இடத்துக்கு மட்டும் தனியாக ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.

ஸ்க்ரூவைக் கழற்றியதோடு எல்லாம் முடிந்தது என்றே நோயாளிகள் நினைக்கிறார்கள். ஆறு மாதம் கழித்துப் பல்லைக் காட்ட வேண்டும் என்று அன்றே சொல்லி அனுப்புங்கள். மறுபடி உங்கள் ஊருக்குப் பஸ் ஏற முடியாதவர்களை எங்களிடமே அனுப்பலாம், முழு விவரமுள்ள சம்மரியோடு.

இப்படிக்கு,
ஒரு பல் மருத்துவர்