டவுன் ஹாலை இடிக்கச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரு ஜே.சி. ரோட்டில் உள்ள டவுன் ஹால் பழையதாகிவிட்டது, நெரிசலான இடத்தில் நிற்கிறது, இடித்துவிட்டு வாகன நிறுத்தத்துடன் அடுக்குமாடி அரங்கம் கட்டலாம் என்று வாசகர் ஒருவர் உங்கள் நாளிதழில் எழுதியிருந்தார். படித்ததும் மனம் பொறுக்கவில்லை. நான் அல்சூரில் மைக் செட் கடை நடத்தி ஓய்ந்தவன். கல்யாண மண்டபம், கோயில் திடல், பள்ளி மைதானம் என்று இந்த ஊரில் ஒலிபெருக்கி கட்டியே குடும்பத்தைக் காப்பாற்றினேன். டவுன் ஹாலைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நம்புகிறேன்.

முகப்புத் தூண்களையும் அவற்றின் மேலுள்ள முக்கோண முகட்டையும்தான் எல்லோரும் புகைப்படம் எடுக்கிறார்கள். என்னைக் கேட்டால் உள்ளே போய் நிற்க வேண்டும். மைக் பரவலாக வராத காலத்தில், பேசுகிறவரின் தொண்டையை நம்பிக் கட்டிய மண்டபம் அது. பெட்டிகளை இறக்கி வைத்ததும் முதல் வேலையாக மேடையில் நின்று ஒரு கைதட்டு தட்டிப் பார்ப்பேன். காலி அரங்கில் ஓசை சற்றே சுற்றி வரும். ஆட்கள் வந்து உட்கார்ந்தபின் அதே ஓசை அடங்கிக் கட்டுக்குள் வந்துவிடும். பெட்டியின் சத்தத்தைப் பாதிக்கு மேல் ஏற்ற வேண்டிய தேவை எனக்கு அங்கே வந்ததே இல்லை. இப்போது கட்டப்படும் மண்டபங்களில் கண்ணாடியும் பளபளக்கும் தரையுமாக இருப்பதால், சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாலே மைக் ஊளையிடுகிறது. பின்வரிசையில் இருப்பவருக்கு ஒரு வார்த்தையும் விளங்குவதில்லை.

இந்தக் கட்டடத்துக்கு 1933-இல் அடிக்கல் நாட்டியவர் மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார். 1935-இல் திறந்தார்கள். மிர்சா இஸ்மாயில் திவானாக இருந்த காலம் அது. நகராட்சித் தலைவராக இருந்து நற்பெயர் எடுத்த கே.பி. புட்டண்ண செட்டியின் பெயரையே மண்டபத்துக்கு வைத்தார்கள். இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே எழுந்த கட்டடங்கள் நம் ஊரில் வேறும் உண்டு. 1928-இல் வந்த கே.ஆர். மார்க்கெட்டே அப்படிப்பட்டதுதான். ஆனால் மார்க்கெட்டுக்கு வாங்கவும் விற்கவும் போவோம். டவுன் ஹாலுக்கோ ஊர்க்காரன் என்ற ஒரே காரணத்தால் போகலாம். 1881-லேயே பிரதிநிதி சபை கண்ட சமஸ்தானம், குடிமக்கள் கூடிப் பேசுவதற்கென்று கல்லும் காரையுமாக ஓர் இடம் கட்டித் தந்தது. இதைவிடப் பெரிய பாரம்பரிய மதிப்பு ஒரு கட்டடத்துக்கு என்ன வேண்டும்?

இன்னொன்றையும் தமிழ் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். டவுன் ஹால் கட்டப்பட்டபோது அது நம் மண்டபம் அல்ல. அல்சூர், சிவாஜி நகர் எல்லாம் தண்டுப் பகுதி, அதாவது கண்டோன்மென்ட். 1947 வரை பிரிட்டிஷ் நிர்வாகத்தில் இருந்தது. டவுன் ஹால் மைசூர் மகாராஜாவின் ஆட்சியில் இருந்த சிட்டிக்கு உரியது. எங்கள் தாத்தா கப்பன் பூங்காவுக்கு அந்தப் பக்கம் போவதையே 'சிட்டிக்குப் போகிறேன்' என்று வெளியூர்ப் பயணம் போலச் சொல்வாராம். 1949-இல் இரண்டு நகராட்சிகளும் ஒரே மாநகராட்சியாக இணைந்தபிறகுதான் அந்தப் படிகள் நமக்கும் சொந்தமாயின. எங்கள் பகுதி நாடகக் குழு அங்கே தமிழ் நாடகம் போட்டபோது மைக் செட் என்னுடையது. அகலமான அந்தப் படிகளில் இரண்டு பேராகப் பெட்டியைத் தூக்கி ஏறும்போது, முன்னால் போகிறவன் குனிந்தே ஏற வேண்டும். இல்லாவிட்டால் பாரம் முழுவதும் பின்னால் வருகிறவன் மார்பில் சாயும். மூச்சு வாங்க மேலே ஏறித் திரும்பிப் பார்த்தால் ரோடு முழுவதும் கண்ணுக்கு முன்னால் விரியும்.

அதே படிகளில்தான் காவிரிப் பிரச்சினை வரும்போதெல்லாம் போராட்டங்களும் நடந்தன. காவிரிக்காகத் தமிழர்கள் மீது கலவரம் வெடித்த 1991 டிசம்பரை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. கடையைப் பூட்டி, பெயர்ப்பலகையைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு வீட்டுக்குள் இருந்தவர்களில் நானும் ஒருவன். ஆனாலும் சொல்கிறேன், அந்தப் படிகள் இருக்க வேண்டும். எனக்குப் பிடிக்காததைச் சொல்பவருக்கும் ஊர் நடுவில் நின்று சொல்ல இடம் இருந்தால்தான், நாளை எனக்கும் அது கிடைக்கும்.

அந்த உரிமை ஏற்கெனவே பாதி போய்விட்டது. டவுன் ஹால் முன் போராட்டம் கூடாது என்று 2020-இல் மாநகராட்சி மன்றம் தீர்மானம் போட்டது. 2021-ஆம் ஆண்டு ஆணை, நகரத்துப் போராட்டங்களை எல்லாம் ஃப்ரீடம் பார்க்குக்குள் அனுப்பிவிட்டது. அது பழைய மத்திய சிறை இருந்த வளாகம். போக்குவரத்து நெரிசல் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் கூடுவதற்கென்று கட்டிய கட்டடத்தின் வாசலில் கூடக் கூடாது என்றால், மிஞ்சியிருக்கும் தூண்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இடிப்பது சுலபம் என்று எழுதியவருக்கு ஒரு நினைவூட்டல். 1860-களில் கட்டிய அட்டாரா கச்சேரியை 1980-களில் இடிக்கத்தான் அரசு நினைத்தது. நகரவாசிகள் எதிர்த்தார்கள், நீதிமன்றம் போனார்கள். இன்றும் உயர் நீதிமன்றம் அந்தச் சிவப்புக் கட்டடத்தில் இயங்குகிறது. மும்பையோ 1995-லேயே பாரம்பரியக் கட்டடங்களைத் தரம் பிரித்து விதி வகுத்துவிட்டது.

டவுன் ஹாலுக்குத் தேவை ஒழுங்கான பராமரிப்பு. விழா அலங்காரம் செய்பவர்கள் பேனர் கட்டத் துளைபோடும் கருவியோடு வருவதை நானே பார்த்திருக்கிறேன். அதை வாசலிலேயே தடுக்க வேண்டும். அந்தக் காலத்துச் சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் அவசரத்துக்குச் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரை அரிக்கும். ஆகவே பழைய காரை வேலை தெரிந்த கொத்தனார்களைக் கொண்டுதான் பழுது பார்க்க வேண்டும். உட்கூரையையோ சுவரையோ மாற்றுவதற்கு முன் ஒலி அறிந்த ஒருவரை அழைத்துக் கேட்க வேண்டும். சிறிய சங்கங்களும் நாடகக் குழுக்களும் கட்டக்கூடிய அளவில், வாரத்தில் சில நாட்களுக்காவது வாடகையைக் குறைக்க வேண்டும். எந்த மொழிக்காரராக இருந்தாலும் ஒரே கட்டணம்.

நகர நிர்வாகம் இந்த வேலையைத் தொடங்கினால், ஒலியைச் சோதிக்க நானும் என்னோடு தொழில் செய்த நண்பர்களும் கூலி வாங்காமல் வருகிறோம். அதிகாரிகள் இந்தக் கடிதத்தையே எங்கள் ஒப்புதலாக எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மைக் செட் அமைப்பாளர்,
அல்சூர், பெங்களூரு.