சொக்கில இல்லை மச்சான், புஷ்ஷில

மச்சான்,

முதல்ல மன்னிப்பு. உன்ர ரொயோட்டா கொறோலா 121 காரைப் பற்றி நீ கேட்டு மூண்டு கிழமை. "பாப்பம்" எண்டு ஒரு சொல்லைத் தட்டிப்போட்டு இருந்திட்டன். போனில பெருவிரலால சொல்லி முடிக்கிற விசயமில்லை, அதுதான் இந்தக் கடதாசி. வீட்டில எல்லாரும் சுகம். பெரியக்கான்ர மகள் சோதினை முடிச்சிட்டு நித்திரையை விட்டு எழும்புறாள் இல்லை. இரணைமடுவில தண்ணி நிக்குது. மாஸ்ரர் அதே குடையோடதான் திரியுறார். கட்டையனிட்டக் காசு கேட்டனான், வழக்கமான மறுமொழிதான்.

இனி உன்ர 121க்கு வருவம்.

நாலு சொக்கும் (ஷொக் அப்சோபர்) புதுசு. ரெண்டு தரம் அலைன்மென்ற். உள்பக்கம் தேஞ்ச முன் ரயர் ரெண்டும் மாத்தியாச்சு. பிறகும் ஹம்பில இறங்கேக்க 'டொக்' எண்டுது, பிறேக் பிடிச்சா இடப்பக்கம் இழுக்குது, ஏ9 றோட்டில 70இல போகேக்க ஸ்ரியறிங்கை ஆட்டி ஆட்டித்தான் நேர பிடிக்க வேண்டிக் கிடக்கு. இவ்வளவும் நீ எழுதினதுதான். உதைப் படிச்சிட்டு எவன் உனக்குச் சொக் மாத்தச் சொன்னவன்? சொக் போனா கார் மிதக்கும், கிடங்கு தாண்டின பிறகும் ரெண்டு மூண்டு தரம் ஆடும். பிறேக்கில இழுக்கிறதும், அலைன்மென்ற் செய்து ஒரு மாதத்தில ரயர் உள்பக்கம் தேயுறதும் அதின்ர வேலையில்லை. சில்லைக் காரின்ர அடிச்சட்டத்தோட பிடிக்கிற லோவர் ஆர்மில இருக்கிற புஷ் கிழிஞ்சு கிடக்கு. புஷ் எண்டா வெளி வளையத்துக்கும் நடுக்குழாய்க்கும் இடையில ஒட்டின றப்பர். 121 எண்டா 2000இல தொடங்கி 2006 மட்டும் யப்பானில அடிச்ச வண்டி. உன்ர புஷ் கொம்பனி போட்டதெண்டா அந்த றப்பருக்கு வாக்குப் போடுற வயசு.

ஆர்ம் எல் வடிவத்தில இருக்கும். முன்னுக்குச் சின்னப் புஷ், பின்னுக்குப் பெரிய புஷ். வளைவில வாற பக்கவாட்டுப் பாரத்தைக் கூடுதலா முன் புஷ் தாங்கும். பிறேக் பிடிக்கேக்கயும் கிடங்கில அடிக்கேக்கயும் சில்லைப் பின்னுக்குத் தள்ளுற பாரம் பெரியதுக்கு. பெரியது ஒரு பக்கம் கிழிஞ்சா, நீ பிறேக்கை மிதிக்க அந்தப் பக்கச் சில்லு மட்டும் கொஞ்சம் பின்னுக்குப் போகும், அதோட ரோ (மேலயிருந்து பாக்கேக்க சில்லு உள்ளுக்கோ வெளியிலயோ திரும்பி நிக்கிற அளவு) மாறும், கார் அந்தப் பக்கம் திரும்பும். மிதியை விட்டா முன்னுக்கு வந்து அடிக்கும். அதுதான் உன்ர 'டொக்'. இப்பிடி ஆடுற சில்லுக்கு லேசர் வைச்சு அலைன்மென்ற் செய்து என்ன பிரயோசனம்? மெசின் பாக்கேக்க சில்லு ஒரு இடத்தில, றோட்டில வேற இடத்தில.

நான் சொல்லுறதை அப்பிடியே நம்பாதை, நீயே பார். கைப் பிறேக்கைப் போடாமல், கால் பிறேக்கை இறுக்கி மிதிச்சபடி ஒருத்தனை உள்ளுக்கு இருத்தி, இன்னொருத்தனைக் காரை முன்னும் பின்னும் தள்ளச் சொல்லிப்போட்டு டோர்ச்சோட பெரிய புஷ்ஷைப் பார். நடுக் குழாய் வெளி வளையத்துக்குள்ள ஓடித் திரிஞ்சா முடிஞ்சுது. மேலால சின்ன வெடிப்பு இருக்கிறது பெரிசில்லை, வயசான எல்லாப் புஷ்ஷிலயும் இருக்கும். வெடிப்புக்குள்ள லீவரை விட்டு நெம்பேக்க றப்பர் இரும்பை விட்டுக் கழண்டு நிக்குதோ எண்டதுதான் கேள்வி. பிறகு சில்லைத் தூக்கி, மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டு, ஆடினா போல் ஜொயின்ற் (ஆர்மின்ர நுனியில இருக்கிற மூட்டு) இல்லாட்டி பெயாரிங். இடமும் வலமும் பிடிச்சு ஆட்ட ஆடினா ஸ்ரியறிங்கிலயிருந்து சில்லுக்குப் போற ரை றொட் பக்கம். மெதுவாப் போகேக்க ஒரு சில்லு மட்டும் கல்லில ஏற 'கட கட' எண்டா ஸ்ரெபிலைசர் லிங், வளைவில கார் சரியாமல் பிடிக்கிற பாரைச் சில்லுப் பக்கத்தோட கோக்கிற கம்பி. ரெண்டு லிங்கையும் கழட்டி ஒழுங்கைக்குள்ள ஒரு சுத்து ஊர்ந்து பார், சத்தம் நிண்டா அதேதான். லிங் இல்லாமல் ஏ9இல ஏறிப்போடாதை.

சாமான் விசயம். கொழும்பு பஞ்சிகாவத்தையில றீகண்டிசன் ஆர்ம், பழைய காரில கழட்டினது, மலிவா வரும் எண்டு உனக்கு ஆரும் சொல்லுவாங்கள். அந்த ஆர்மில இருக்கிற புஷ்ஷும் உன்ர புஷ்ஷின்ர வயசுதான். ஓடாமல் கிடந்தாலும் றப்பர் காயும். ஆர்ம் எங்கயும் முட்டி வளைஞ்சதோ எண்டதும் கண்ணுக்குத் தெரியாது. உன்ர ஆர்ம் நேரா, கறள் தின்னாமல் இருந்தா புஷ் மட்டும் மாத்து, ரெண்டு பக்கமும் சேத்து மாத்து. 121இல போல் ஜொயின்ற் தனியாப் பூட்டினது, அது நல்லதெண்டா அப்பிடியே விடலாம். பொலியூரித்தேன் புஷ் கேட்டு அலையாதை. அது றேஸ் ஓடுறவைக்கு. அது முறுகிறேல்லை, குழாயில வழுக்கித்தான் வேலை செய்யும், சிலிக்கோன் கிறீஸ் வேணும். எங்கட கிரவல் தூசி உள்ளுக்குப் போக மாட்டு வண்டில் மாதிரிக் கத்தும், றோட்டில இருக்கிற ஒவ்வொரு கல்லும் உன்ர முதுகுக்கு வந்து சொல்லும். ஒட்டுசுட்டானிலயிருந்து உள் ஒழுங்கைகளுக்கு ஓடுற வண்டிக்கு றப்பர்தான். ஆர்ம் போல்ற்றும் நாலு வாங்கி வை, ஏன் எண்டு சொல்லுறன்.

முல்லைத்தீவுப் பக்கம் உப்புக் காத்தில அடிக்கடி நிக்கிற வண்டியில போல்ற்றும் புஷ்ஷின்ர நடுக்குழாயும் ஒண்டாக் கறள் பிடிச்சிருக்கும். ஸ்பனரைப் போட்டுத் திருப்பேக்க போல்ற் கொஞ்சம் வரும், விட்டா தன்ர பாட்டில திரும்பிப் போகும். ஏதோ கழருது எண்டு நினைச்சு இன்னும் மெனக்கெடுவாய். அது கழரேல்லை, றப்பர் முறுகுது. அந்தக் கட்டத்தில நீட்டுப் பைப் போட்டு மல்லுக்கட்டினா உள்ளுக்கு வெல்ட் பிடிச்ச நட் கழண்டு சுத்தும், பிறகு ஆர்ம் பூட்டியிருக்கிற குறுக்குச் சட்டம், குறொஸ்மெம்பரையே வெட்ட வேண்டி வரும். முதல் நாள் பின்னேரமே கறள் எண்ணெய் அடிச்சு விடு, காலையிலயும் அடி. அப்பவும் வராட்டி புஷ்ஷுக்கும் பிறக்கற்றுக்கும் இடையில வாள் அலகை விட்டு வெட்டு. புது போல்ற் கையில இருந்தா வெட்ட மனம் வரும். ஓட்டோ கியர் வண்டி எண்டபடியால் ஒரு போல்ற் கியர்பெட்டியில முட்டி முழுசா வெளிய வராமல் நிக்கவும் கூடும். எஞ்சினைத் தாங்கிக்கொண்டு குறொஸ்மெம்பரைக் கொஞ்சம் இறக்க வேணும். அதுக்காகப் போல்ற்றை வளைக்காதை.

தூக்கிறது உன்ர முத்தத்திலதானே, கிரவல் நிலம். ஜக்குக்குக் கீழ பலகை போடு. ஜக்கை மட்டும் நம்பி உள்ளுக்குப் போகாதை. ஸ்ராண்ட் இல்லாட்டி நல்ல மரக்குத்தி, அதோட கழட்டின சில்லையும் பொடிக்குக் கீழ படுக்க வைச்சு விடு. இதில பகிடி இல்லை மச்சான். மனிசிக்குச் சொல்லிப்போட்டுத்தான் கீழ படு.

பழைய புஷ்ஷை எடுக்க முதல் ஒரு வேலை. பெரிய புஷ்ஷில றப்பருக்கு நடுவில வெட்டு மாதிரி இடைவெளி விட்டிருக்கும், அது எந்தப் பக்கம் பாத்திருக்குது எண்டு ஆர்மில வெள்ளைப் பெயின்ற்றால கோடு போடு, போனில படமும் எடு. அந்த இடைவெளி சும்மா விட்டதில்லை. ஒரு திசையில மெதுமை, மற்றத் திசையில இறுக்கம். கால் வட்டம் திருப்பி அடிச்சா மெதுமையா இருக்க வேண்டிய பக்கம் கல்லாகும், இறுக்கமா இருக்க வேண்டிய பக்கம் நெகிழும். புதுச் சாமான் போட்டும் பழையதை விட மோசமா ஓடுது எண்டு சொல்லுற வண்டி கனக்க இப்பிடித்தான். இடம் வலம் ஒண்டுக்கொண்டு கண்ணாடியில பாக்கிற மாதிரி இருக்கும், ஒரு பக்கத்தை முடிச்சிட்டு மற்றதைக் கழட்டினா குழம்பமாட்டாய்.

நெருப்பு வைச்சு எரிச்சு எடுக்கிறதுதான் எங்கட கராஜ்களின்ர பழக்கம். விடாதை. அந்தப் புகை நெஞ்சுக்குக் கூடாது, போல் ஜொயின்ற் றப்பர் உருகும், ஆர்மின்ர பெயின்ற் போய் அடுத்த மாரிக்கே கறள் தொடங்கும். லேத் கடையில பிறஸ் இருந்தா பத்து நிமிச வேலை. பிறஸ் இல்லாட்டி றப்பரைத் துளைச்சு எடுத்துப்போட்டு, வெளி வளையத்தை மட்டும் வாள் அலகால நீளத்துக்கு ஒரு வெட்டு வெட்டி, உளியால உள்ளுக்கு மடிச்சா கழண்டு விழும். ஆர்மில வெட்டு விழாமல் பாத்துக்கொள். ஓட்டையைக் கம்பி பிரஷ்ஷாலயும் எமறித் தாளாலயும் கறள் போகத் தேய். அரம் போடாதை, போட்டா புஷ் லூசாகும்.

புதுசை அமத்தேக்க பாரம் வெளி வளையத்தில மட்டும். நடுக்குழாயில அமத்தினா றப்பர் அண்டைக்கே பிரியும், பெட்டியால எடுத்த புஷ் ஒரு மாதத்தில போச்சு எண்டு கடைக்காரனோட சண்டைக்குப் போவாய். அளவான பைப் துண்டொண்டை வெட்டி வளையத்தில வை, மற்றப் பக்கம் புஷ்ஷை விட அகலமான துண்டு. வழுக்கிறதுக்குச் சவக்காரத் தண்ணி போதும். கிறீஸ் வேண்டாம், எண்ணெய் பட்டா இயற்கை றப்பர் ஊதி மெதுமையாகும். சர்விசுக்கு விடேக்க காருக்குக் கீழ எண்ணெய் அடிச்சு மினுக்கித் தாறதையும் இனி வேண்டாமெண்டு சொல்லு, காசு குடுத்து உன்ர புஷ்ஷை நீயே கெடுக்கிறாய். புஷ் சரிஞ்சு போகத் தொடங்கினா உடன நிப்பாட்டு, திருப்பி எடுத்து நேராக்கு. சரிவோட அமத்தினா வளையம் ஓட்டையைச் சுரண்டிக்கொண்டு போகும்.

இனி நான் கடதாசி எழுத வெளிக்கிட்டதின்ர காரணம். இதை ரெண்டு தரம் வாசி.

உந்த றப்பர் புஷ்ஷில எதுவும் வழுக்கிறேல்லை. வெளி வளையம் ஆர்மில இறுகியிருக்கு, நடுக்குழாய் போல்ற்றால பிறக்கற்றில இறுகியிருக்கு, ஆர்ம் ஏறி இறங்கேக்க நடுவில இருக்கிற றப்பர் முறுகிக் குடுக்குது, அவ்வளவுதான். இப்ப நீ காரைத் தூக்கி வைச்சிருக்கிறாய், ஆர்ம் தொங்குது. தொங்கேக்கயே போல்ற்றை இறுக்கிப்போட்டாய் எண்டு வை. றப்பருக்கு அந்தத் தொங்கல்தான் ஓய்வு நிலை. காரை இறக்க ஆர்ம் மேல போகுது, றப்பர் முறுகுது, முறுகினபடியே நிக்குது, இரவு நிப்பாட்டி வைச்சிருக்கேக்கயும். ஆர்ம் 14 அங்குலம், தொங்கினது 4 அங்குலம் எண்டு கணக்குப் போட்டா 16, 17 பாகை முறுக்கு. அதுக்கு மேல கிடங்கில அடிக்க இன்னும் முறுகும். பத்து வருசம் நிக்க வேண்டிய சாமான் ஒரு மாரி தாண்டாது. காரும் முன்பக்கம் கொஞ்சம் தூக்கின மாதிரி நிக்கும், ஓட்டம் விறைப்பா இருக்கும். பின்னுக்கு பீமில இருக்கிற ரெண்டு பெரிய புஷ்ஷுக்கும் இதே கதைதான்.

செய்யிறது லேசு. தூக்க முதலே, சமநிலத்தில, சில்லின்ர நடுவிலயிருந்து நேர மேல மட்கார்ட் விளிம்பு மட்டும் ரேப்பால அள, ரெண்டு பக்கமும், சோக்கால கதவில எழுது. எல்லாம் பூட்டி, போல்ற்றுகளைக் கையால முட்டக் கொண்டு வந்து நிப்பாட்டு. பிறகு ஆர்மின்ர நுனியில, போல் ஜொயின்ற்றுக்குப் பக்கத்தில ஜக்கைக் குடுத்து, ஹப் நடுவிலயிருந்து விளிம்புக்கு அந்தச் சோக் கணக்கு வரும் மட்டும் தூக்கு. கார் ஸ்ராண்டை விட்டு எழும்பப் பாக்கும், கவனம். அந்த அளவில வைச்சு இறுக்கு. உன்ர மச்சான் வேலை செய்யிற நெல்லு மில்லில லொறிக் குழி இருக்கெல்லே? அங்க கொண்டு போய் நாலு சில்லும் நிலத்தில நிக்க இறுக்கினா இன்னும் திறம். ஆர்ம் போல்ற்றுக்கு உன்ர சேசிக்குரிய புத்தகக் கணக்கு, ரோர்க் ஸ்பனரால. சில்லு நட் 103 நியூட்டன் மீற்றர். காலால ஏறி மிதிக்கிற கட்டையன் முறை வேண்டாம்.

ஸ்ரெபிலைசர் பாரின்ர டி புஷ்ஷும் கையோட மாத்து, மலிவு. பாரின்ர தடிப்பை அளந்து வாங்கு, வெட்டுப் பக்கம் பழையது பாத்த பக்கமே பாக்கட்டும், கிறீஸ் பூசாமல் பூட்டு.

அலைன்மென்ற் எல்லாம் முடிஞ்ச பிறகு, ஒரு தரம். முன்னுக்கு உன்ர வண்டியில வழமையாத் திருப்புறது ரோ மட்டும்தான். கம்பருக்கு (சில்லு மேலால உள்ளுக்கோ வெளியிலயோ சரியிற அளவு) வேற போல்ற் போட வேணும், அது போடாமல் கம்பர் தாறன் எண்டு காசு கேட்டா எழும்பி வா. அதுக்கு முதல் மாங்குளத்திலயிருந்து முறிகண்டி மட்டும் ஒருக்கா ஓடிப் பார், பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைச்ச மாதிரியும் போகும். ஸ்ரியறிங் நடுவுக்கு வராமல் நிண்டாலும் பறவாயில்லை, பிறேக்கில இழுவை இல்லாட்டி வேலை சரி. 500 கிலோமீற்றர் ஓடின பிறகு போல்ற்றுகளை ஒருக்கா தொட்டுப் பார்.

ரோர்க் ஸ்பனர், பைப் துண்டு நாலு, 19 சொக்கற், எல்லாம் ஒரு யூரியா பாக்கில கட்டி வைச்சிருக்கிறன். செவ்வாய்க்கிழமை முல்லைத்தீவு பஸ்ஸில போட்டு விடுறன், ஒட்டுசுட்டான் சந்தியில நிண்டு எடு. கொண்டக்டரிட்டக் கட்டையன்ர பேரைச் சொல்லாதை, அவர் இன்னும் மறக்கேல்லை.

அம்மாவைக் கேட்டதாச் சொல்லு.

உன்ர,
மச்சான்
கிளிநொச்சி