ராத்தாவுக்கு, மூன்றாம் கட்டிலில் கிடந்தவன் எழுதுவது

எட்டடி விரியன் பாம்பு கடித்து எனக்கு நடந்ததை, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரையில் இனி யாருக்கும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஐப்பசி மழையைவிட வேகமாக அந்தக் கதை பரவிவிட்டது. ஆள் முடிந்துவிட்டான் என்று கேள்விப்பட்டு வெள்ளைக்கொடிக்குக் கம்பு வெட்டியவர்களும் இருந்தார்களாம். இருக்கிறேன். வீட்டுக்கு வந்து இன்றைக்கு 9 நாள். விரல்களில் பலம் இன்னும் முழுதாக வரவில்லை, அதனால் நான் சொல்லச் சொல்ல மனைவிதான் எழுதுகிறாள். இடைக்கிடை அழுகிறாள். நிற்பாட்டிவிட்டுப் பிறகு எழுதுகிறோம்.

நித்திரையால் எழும்பி ஓட்டோவை எடுத்த மாமாவுக்கு நன்றி. "தண்ணி ஓதிப் பாத்திட்டுப் போவம்" என்று வாசலில் மறித்தவரை ஒரு கையால் விலக்கி என்னைத் தூக்கிய, எங்கள் வயல்களுக்குத் தண்ணி பார்க்கும் வட்டைவிதானை அண்ணனுக்கு நன்றி. எங்கள் பக்கத்துச் சிறிய வைத்தியசாலையில் அன்றிரவு தனியாக நின்ற டொக்டர், என் இமை விழுவதைப் பார்த்ததும் தலையைத் தலையணையிலிருந்து தூக்கச் சொன்னார். என்னால் ஏலவில்லை. அதற்குப் பிறகு அவர் ஒரு நிமிடமும் வீணாக்கவில்லை. மூச்சுக்குக் குழாய் போட்டு அம்புலன்சில் ஏற்றினார்கள். கூட வந்த தாதி, மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை வரைக்கும் பையைக் கையால் அமத்தி அமத்தி எனக்கு மூச்சுத் தந்தார். வலையிறவுப் பாலத்தில் வண்டி ஏறியது எனக்குத் தெரிந்தது. அந்தக் கை எங்கேயும் நிற்கவில்லை. ஐசியுவில் மாறி மாறி நின்ற டொக்டர்மார், தாதி மிஸ்மார், என் நெஞ்சைத் தட்டித் தட்டி இருமப் பழக்கிய தம்பி, மனைவிக்குச் சோறு கட்டிக்கொண்டு வந்தவர்கள், என் வயலுக்குத் தண்ணி பார்த்தவர்கள், கோயிலில் நேர்ந்தவர்கள், எல்லாருக்கும் நன்றி. நடக்கப் பலம் வந்ததும் வீடு வீடாக வந்து சொல்வேன்.

இந்தக் கடிதம் உண்மையில் ஒருவருக்குத்தான். அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. முகமும் தெரியாது.

எட்டடி விரியன் கடித்தவன் எப்படிக் கிடப்பான் என்று பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. அந்த விஷம் புத்தியைத் தொடுவதில்லை. நரம்பு முடிந்து தசை தொடங்கும் இடத்தில்தான் போய் இருக்கிறது. முதலில் இமை விழும், பிறகு நாக்கு தடிக்கும், எச்சில் விழுங்க ஏலாது, கடைசியில் மூச்சு நிற்கும். இயந்திரம் மூச்சு விட, உள்ளே ஆள் இருப்பான். சில பேருக்குக் கண்மணிகூட வெளிச்சத்துக்குச் சுருங்காதாம். பார்க்கிறவனுக்குப் பிணம்தான். மயக்க மருந்தின் வேகம் குறைந்த நேரங்களில் எனக்கு எல்லாம் கேட்டது. இயந்திரத்தின் சத்தம், பக்கத்துக் கட்டிலில் யாரோ ஒருவரின் முனகல், எங்கள் சொந்தக்காரர் ஒருவர் என் கால்மாட்டில் நின்று "மூள செத்திட்டாம், இனி வீட்டுக்குக் கொண்டு போறதுதான்" என்று சொன்னது, அம்மா குழறியது. நான் இருக்கிறேன் என்று சொல்ல ஒரு விரல்கூட என்னிடம் இல்லை.

ராத்தா, அப்போதுதான் உங்கள் குரலை முதலில் கேட்டேன். "சத்தம் போடாதீங்க. புள்ளைக்குக் கேக்கும்."

எல்லாரும் உங்களை ராத்தா, அதாவது அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கூட்டித் துடைக்க வருகிறவர் என்பதை வாளிச் சத்தத்தால் அறிந்துகொண்டேன். அடுத்த நாள் விடிய நீங்கள் என் தலைமாட்டுக்கு வந்து சொன்னது சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது. "மனே, சுபஹு முடிஞ்சிட்டு, இப்ப விடியப் போகுது. வெளிய மழ பேஞ்சிட்டிரிக்கி. நான் ஒன்ட கட்டிலுக்குக் கீழ கூட்டப் போறன். கட்டில் கொஞ்சம் ஆடும். பயப்படாத."

கட்டில் ஆடியது. நான் பயப்படவில்லை.

இருட்டில் கிடக்கிறவனுக்கு எந்தத் தொடுகையும் திடீரென்றுதான் வரும். பகலா இரவா தெரியாது, ஒரு நாள் போனதா ஒரு கிழமை போனதா தெரியாது. அன்றிலிருந்து நீங்கள் வரும்போதெல்லாம் எனக்கு மணி சொன்னீர்கள், கிழமை சொன்னீர்கள். "இண்டைக்கு வியாழன், ஒன்ட பொஞ்சாதி கீழ இரிக்கி, தேத்தண்ணி குடிச்சிட்டு வரும்." அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்காகக் கிடந்தேன். ஒருநாள் மிஸ் ஒருவர் உங்களிடம் கேட்டார், ஏன் ராத்தா தனியக் கதைக்கிறீங்க என்று. நீங்கள் சொன்னீர்கள், முந்தி வயல் செய்கிற ஒரு வட்டைக்காரரும் இப்படித்தான் கிடந்தாராம், எழும்பினதும் நீங்கள் அன்றைக்கு யாருக்கோ ஏசியதெல்லாம் சொன்னாராம். "அண்டையிலரிந்து நான் கதைக்காமக் கூட்டுற இல்ல."

அந்த வட்டைக்காரர் யாரோ, அவருக்கும் என் நன்றி. அவர் எழும்பிச் சொன்ன ஒரு சொல் இத்தனை வருசம் கழித்து எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

கால் பெருவிரலில் ஏதோ வந்ததுபோல் இருந்தபோது உங்களுக்காகத்தான் அசைக்கப் பார்த்தேன். மூன்று தரம் நீங்கள் காணவில்லை. நாலாம் தரம் வாளி நிலத்தில் 'டொக்' என்று விழுந்தது. "மிஸ்! மூணாம் கட்டில்!" என்று கத்தினீர்கள். என் வாழ்க்கையில் எனக்காக யாரும் அப்படிக் கத்தியதில்லை.

இமை திறந்தபோது நீங்கள் லீவு என்றார்கள். அடுத்த நாளே என்னை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

நான் பாம்பு பிடிக்கிறவன் என்பது ஊருக்குத் தெரியும். போனில் பார்த்துப் பழகியது. 4 வருசமாக யார் வீட்டில் பாம்பு என்றாலும் ஓடுவேன். அடித்துக் கொல்லாமல் காட்டில் விடுவது நல்ல காரியம் என்று இப்போதும் நம்புகிறேன். ஆனால் வெறுங்கையால் வாலைத் தூக்கியபோது சுற்றி நின்றவர்கள் தட்டிய கையை நான் பயிற்சி என்று எண்ணிவிட்டேன். அன்றைக்கு அந்தப் பாம்பை, வெள்ளைப் பட்டி போட்ட விஷமில்லாத இன்னொன்று என்று எண்ணினேன். அதற்குப் பட்டி தலைப்பக்கம் தெளிவாக இருந்து வாலுக்குப் போகப் போக மங்கும். எட்டடி விரியனுக்குப் பெரும்பாலும் மறுபக்கம், வாலுக்குப் போகப் போகத்தான் தெளிவு. குட்டி என்றால் அதுவும் மாறும். மழையில், டோர்ச் வெளிச்சத்தில், இதை நம்பிக் கை வைக்கவே கூடாது. பகலில் தலையைச் சுருளுக்குள் ஒளித்து மந்தமாகக் கிடக்கிற பாம்பு, இரவில் வேறு பாம்பு.

கடித்தது எறும்பு கடித்த அளவுக்குக்கூட நோகவில்லை. வீங்கவும் இல்லை. அதனால் மனைவியிடம் சொல்லாமல் ஒரு மணித்தியாலம் மறைத்தேன். வயிறு வலித்த பிறகுதான் சொன்னேன். அந்த ஒரு மணித்தியாலத்தைப் பற்றி டொக்டர் பிறகு எனக்கு விளக்கினார். விஷ எதிர்ப்பு ஊசி இரத்தத்தில் ஓடுகிற விஷத்தைப் பிடிக்கும், நரம்பு நுனிக்குள் போய்விட்டதை வெளியே எடுக்காது. அந்த நுனிகள் திரும்ப வளரும் வரை இயந்திரம்தான் மூச்சு. எனக்கு அது 5 நாள் எடுத்தது. ஊசியே சிலருக்கு ஒவ்வாமல் போகும் என்பதால் அட்ரினலினைக் கையோடு வைத்துக்கொண்டுதான் ஏற்றினார்களாம். 2012, 2013 இல் இலங்கை முழுக்க வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கின்படி வருடத்துக்கு ஏறக்குறைய 80,000 பேருக்குப் பாம்பு கடிக்கிறது, 400 பேர் சாகிறார்கள் என்றும் சொன்னார். எனக்கு அந்த 400 வெறும் எண்ணாகத் தெரியவில்லை. அதில் எத்தனை பேர் என்னைப்போல் மறைத்திருப்பார்கள், எத்தனை பேர் வாசலில் தண்ணி ஓதப் பிந்தியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

இனி வெறுங்கையால் பாம்பைத் தொட மாட்டேன். கொக்கியும் குழாயும் பையும் முழங்கால் வரை சப்பாத்துமாக, பழகியவரிடம் நேரே போய்ப் பழகும் வரைக்கும் பிடிக்கவும் மாட்டேன். கூப்பிட்டால் வருவேன், பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துவேன், வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லிவிட்டு அது எங்கே போகிறது என்று தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு நிற்பேன். வயல்வாடியில் வெறும் பாயில் படுக்கிறவர்களிடம் போய் உட்கார்ந்து கதைப்பேன். நுளம்பு வலையை நாலு பக்கமும் பாய்க்குக் கீழே செருகினால் எட்டடி விரியன் உள்ளே வராது. கடித்தால் வெட்டாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், விஷத்தை உறிஞ்சும் என்கிற விசக்கல் தேடி ஓடாதீர்கள். மோதிரம், காப்பு இருந்தால் கழற்றி, ஆளை நடக்கவிடாமல் கிடத்தி அம்புலன்ஸ் நம்பர் 1990 க்கு அடியுங்கள். நோகவில்லை என்றாலும் அடியுங்கள். நோகாததுதான் எங்கள் பக்கத்தில் ஆளை எடுக்கிறது. படுத்தவன் கண் திறக்கவில்லை என்றால் பக்கத்தில் இருந்து கதையுங்கள், என்ன மணி என்று சொல்லுங்கள்.

அந்தப் பிரிவில் வேலை செய்கிறவர்கள் யாராவது இதைக் கண்டால், தயவுசெய்து ராத்தாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

ராத்தா, கடைசியாக நீங்கள் வந்தது வெள்ளிக்கிழமை காலை. உங்கள் வெள்ளாடு இண்டைக்கோ நாளைக்கோ என்று நிற்கிறது, கொட்டில் வேறு ஒழுகுது என்று சொல்லிக்கொண்டே கூட்டினீர்கள். அதற்குப் பிறகு உங்களைக் காணவில்லை. வார்டில் கிடந்த நாள் முழுக்க அதையே யோசித்தேன். அடுத்த கிழமை கிளினிக்குக்கு வருகிறேன், நேரே மேலே வருவேன். ஆடு என்ன குட்டி போட்டது?