நம் வாசகர் வட்டத்தின் 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, இவ்வறிக்கை வீடுகளுக்கும் அனுப்பப்படும் என்பதால் வராத உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான நிகழ்ச்சிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள் கிளை நூலகத்தில் கொண்டாடப்பட்டது. செப்டம்பர் 11 பாரதி நினைவு நாள் அனுசரிக்கப்பட்டது. நவம்பர் 1 நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்துடன் இணைந்த நாளில் மார்ஷல் நேசமணி படத்துக்கு மாலை அணிவித்து இனிப்பு வழங்கினோம். நூலக வார விழாவில் மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி நடந்தது. பரிசு நூல்கள் தலைவரின் சொந்தச் செலவு. பொங்கல் விழா சிறப்பாக நடைபெற்றது.

இனி, இந்த ஆண்டு முழுவதும் நாம் எடுத்துக்கொண்ட எழுத்தாளர் ஜேம்ஸ் எல்ராய் பற்றி.

“யாரைக் கேட்டு இந்த அமெரிக்கக்காரரைக் கொண்டுவந்தீர்கள்?” என்று சிலர் டீக்கடையில் கேட்பதாக அறிகிறேன். சென்ற பொதுக்குழுவில் ‘ஓராண்டு, ஓர் எழுத்தாளர்’ என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துகள் இருக்கின்றன. டீக்கடையில் கேட்பவரின் கையெழுத்தும் இருக்கிறது. நான் முப்பத்தோராண்டு காவல் துறையில் இருந்தவன், அதில் பாதிக்கு மேல் நிலைய எழுத்தர். உங்கள் பேச்சில் ‘ரைட்டர்’. கையெழுத்து வாங்காமல் எந்தக் காகிதத்தையும் நகர்த்திப் பழக்கமில்லை.

நம் மாவட்டத்தில் எழுத்தாளருக்கா பஞ்சம் என்ற கேள்வி நியாயமானது. சுந்தர ராமசாமி, தோப்பில் முஹம்மது மீரான், ஹெப்சிபா ஜேசுதாசன், கிருஷ்ணன் நம்பி என்று இந்தச் சின்ன நிலத்துக்குள் இத்தனை பேர் எழுதியதே அதிசயம். அவர்களை நாம் முன்பே படித்திருக்கிறோம், இனியும் படிப்போம். ஆனால் ஒரு வழக்குக் கோப்பை இலக்கியமாக்கியவன் எவன் என்று என்னைக் கேட்டால், எனக்குத் தெரிந்து எல்ராய்தான். அதனால்தான் அவரை முன்மொழிந்தேன்.

வராதவர்களுக்காக வாழ்க்கையைச் சுருக்கமாகத் தருகிறேன். 1948 மார்ச் 4 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர். அம்மா செவிலியர், அப்பா கணக்கர். இருவரும் 1954இல் மணவிலக்குப் பெற்றார்கள். சிறுவன் அம்மாவோடு எல் மான்டி என்ற ஊரில் இருந்தான். 1958 ஜூன் 22, ஞாயிற்றுக்கிழமை. வார இறுதியை அப்பாவோடு கழித்துவிட்டு வீடு திரும்பியவன், வாசலில் போலீஸ் வண்டிகள் நிற்பதைப் பார்த்தான். ஒரு பள்ளிக்கூடத்தின் அருகே அம்மாவின் உடல் கிடந்தது. கழுத்தை நெரித்துக் கொன்றிருந்தார்கள். அவனுக்கு வயது பத்து. கொன்றவன் இன்றுவரை அகப்படவில்லை.

பதினோராவது பிறந்த நாளுக்கு அப்பா ஒரு புத்தகம் வாங்கிக் கொடுத்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் போலீசைப் பற்றியது. அதில் 1947 ஜனவரியில் கொலையுண்டு கிடந்த எலிசபெத் ஷார்ட் என்ற இளம்பெண்ணின் வழக்கும் இருந்தது. அதுவும் துப்புத் துலங்காத வழக்கு. பையன் அந்தப் பக்கங்களையே திரும்பத் திரும்பப் படித்திருக்கிறான். சொந்த அம்மாவுக்காக அழ முடியாதவன், பத்திரிகைகள் ‘பிளாக் டாலியா’ என்று பெயர் சூட்டிய யாரோ ஒரு பெண்ணின் மரணத்தைப் பிடித்துக்கொண்டான்.

அதன் பிறகு வாழ்க்கை சரிந்தது. பள்ளியிலிருந்து வெளியேற்றம். ராணுவத்தில் சேர்ந்து, திக்குவாய் போல நடித்து வெளியே வந்தார். 1965இல் அப்பாவும் இறந்தார். குடி, போதை, பூங்காவில் படுக்கை, ஆளில்லாத வீடுகளுக்குள் நுழைவது, சிறு திருட்டு, சிறை. நம் பாஷையில் சொன்னால் ‘பழைய கேடி’ பதிவேட்டில் பெயர் ஏறியிருக்க வேண்டிய ஆள். 1977 வாக்கில் குடியை விட்டார். கோல்ஃப் மைதானத்தில் பணக்காரர்களின் மட்டைப் பையைச் சுமந்துகொண்டே எழுத ஆரம்பித்தார். முதல் நாவல் 1981இல் வந்தது. 1987இல் எலிசபெத் ஷார்ட் வழக்கை நாவலாக்கி, அதை அம்மாவுக்குச் சமர்ப்பித்தார். பெயர் நிலைத்தது அதில்தான். அதையும் சேர்த்து 1992க்குள் நான்கு நாவல்கள், நான்கிலும் நாற்பதுகள், ஐம்பதுகளின் லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸ்.

எல்ராய் எழுதும் குற்றக் கதை வகைக்கு ‘நுவார்’ என்று பெயர். ‘நுவார்’ என்றால் பிரெஞ்சில் கறுப்பு. பாரிஸில் காலிமார் பதிப்பகம் 1945இல் கறுப்பு அட்டையில் குற்றக் கதை வரிசை ஒன்றைத் தொடங்கியது. அந்த வரிசையின் பெயரிலேயே இந்தச் சொல் இருக்கிறது. நாம் சிறுவயதில் வாடகை நூல் நிலையத்தில் எடுத்துப் படித்த துப்பறியும் கதைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று மே மாதக் கூட்டத்தில் கேட்டார்கள். துப்பறியும் கதையில் கடைசிப் பக்கத்தில் விலங்கு மாட்டுவார்கள், ஊர் நிம்மதியாகத் தூங்கும். நுவாரில் விலங்கு மாட்டுகிறவனின் கையிலும் ரத்தம் இருக்கும். கொலையாளி யார் என்று தெரிந்த பிறகும் நிம்மதி வராது. எல்ராயின் போலீஸ்காரர்கள் அடிக்கிறார்கள், பணம் வாங்குகிறார்கள், அறிக்கையைத் திருத்துகிறார்கள், அதே நேரத்தில் ஏதோ ஒரு இறந்த பெண்ணுக்காக உயிரை விடுகிறார்கள். “துறையைக் கேவலப்படுத்துகிறானே, உங்களுக்குக் கோபம் வரவில்லையா?” என்று தலைவர் கேட்டார். வரவில்லை. அதற்கு மேல் அன்று நான் எதுவும் சொல்லவில்லை.

அவருடைய நடையைப் பற்றி ஜூன் கூட்டத்தில் ஒன்றரை மணி நேரம் பேசினேன். (இரண்டு மணி நேரம் என்று தீர்மானப் புத்தகத்தில் யாரோ பென்சிலால் திருத்தியிருக்கிறார்கள்.) 1990இல் வந்த நாவலின் நீளத்தைக் குறைக்கச் சொன்னபோது அவர் காட்சிகளை வெட்டவில்லை, சொற்களை வெட்டினார். வினைச்சொல் போயிற்று, இணைப்புச்சொல் போயிற்று. எஞ்சியது தந்தி வாசகம். இதைக் கேட்டு வியந்தவர்களுக்கு ஒன்று சொல்வேன்: நிலையத்தின் பொது நாட்குறிப்பை நாங்கள் அப்படித்தான் எழுதினோம். ‘காலை 6.10. மரச்சீனி விளை. பெண் சடலம். கிராம நிர்வாக அலுவலர் தகவல்.’ இதில் எந்தச் சொல்லைச் சேர்த்தாலும் பொய்யாகிவிடும். ஆனாலும் எல்லை தாண்டினால் சலிப்புத்தான். 2001இல் வந்த அவருடைய பெரிய அரசியல் நாவலில் வாக்கியங்களை மூன்று சொல், நான்கு சொல்லாக நறுக்கிப் போட்டிருக்கிறார். நூறு பக்கத்தில் தலை வலிக்கிறது. தம்மைத் தாமே புகழ்ந்துகொள்வதிலும் அவருக்குக் கூச்சம் கிடையாது. குறைகளை மறைத்து நான் யாருக்கும் நற்சான்று எழுதியதில்லை.

வருகை பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆடி மாதக் கூட்டத்துக்கு ஒன்பது பேர். மற்றவர்கள் குழித்துறை வாவுபலிப் பொருட்காட்சிக்குப் போயிருந்தார்கள். நவம்பர் கூட்டத்தை உறுப்பினர்களின் வசதிக்காகவே மாதக் கடைசிக்கு மாற்றினோம். கோட்டாறு சவேரியார் திருவிழா என்றார்கள். மாசியில் மண்டைக்காட்டுக் கொடை. பக்தியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஜனவரியில் அந்த 1990 நாவலின் திரைவடிவத்தைத் திரையிட்டபோது மட்டும் முப்பத்தொரு பேர் வந்தார்கள், நாற்காலி போதவில்லை. 1997இல் வந்து இரண்டு ஆஸ்கர் வாங்கிய படம் அது. வந்தவர்களில் பாதிப் பேர் இடைவேளையில் கருப்பட்டிக் காப்பியும் ரசவடையும் முடிந்ததும் எழுந்து போனார்கள் என்பதையும் பதிவு செய்கிறேன்.

எனக்கு நிறைவு தந்த கூட்டம் அக்டோபரில் நடந்ததுதான். அன்று நல்ல மழை. நூலகத்தின் ஓட்டு இறவாரத்திலிருந்து தண்ணீர் கயிறு கயிறாக விழுந்துகொண்டிருந்தது. தலைவர், நூலகர், ஓய்வுபெற்ற செவிலியரான மூத்த உறுப்பினர் அக்கா, நான் என நான்கே பேர். அன்று எடுத்துக்கொண்டது 1996இல் எல்ராய் தம் அம்மாவின் கொலையைப் பற்றி எழுதிய நூல். 1994இல் அவர் ஷெரிஃப் அலுவலகம் சென்று, முப்பத்தாறு ஆண்டுப் பழைய கோப்பைத் திறந்து பார்க்கிறார். அம்மாவின் உடலைப் படம் பிடித்த புகைப்படங்கள் அதற்குள் இருக்கின்றன. பிறகு பில் ஸ்டோனர் என்ற ஓய்வுபெற்ற துப்பறிவாளரோடு சேர்ந்து ஓராண்டுக்கு மேல் அலைகிறார். பழைய சாட்சிகளைத் தேடுகிறார்கள். பாதிப் பேர் உயிரோடு இல்லை. கொலையாளி கிடைக்கவில்லை.

நான் என் நோட்டிலிருந்து இதை வாசித்துக்கொண்டிருந்தபோது அக்கா குறுக்கிட்டார். “ஏட்டையா, ஆறு மாதமாக நீங்களும் ‘எல்ராயின் அம்மா, எல்ராயின் அம்மா’ என்றே சொல்கிறீர்கள். அந்தப் பிள்ளைக்குப் பெயர் கிடையாதா?”

நோட்டைப் புரட்டினேன். நான்கு நோட்டுகளில் எங்கேயும் நான் அந்தப் பெயரை எழுதியிருக்கவில்லை. முதல் தகவல் அறிக்கையில் இறந்தவரின் பெயரை விட்டிருந்தால் என் ஆய்வாளர் அதை என் முகத்திலேயே வீசியிருப்பார்.

ஜெனீவா ஹில்லிக்கர். விஸ்கான்சின் மாநிலத்தில் டன்னல் சிட்டி என்ற சிற்றூரில் பிறந்தவர். இறக்கும்போது நாற்பத்து மூன்று வயது. எல்ராய் கடைசியில் கண்டுபிடித்தது இந்தப் பெண்ணைத்தான். பத்து வயதில் தான் வெறுத்த, பிறகு நாவலுக்கு நாவல் வேறு பெயர்களில் கொன்றுகொண்டிருந்த அந்தப் பெண், தனக்கு முன்பே தனக்கென ஒரு வாழ்க்கை வாழ்ந்தவள் என்பதைக் கண்டார். “இருந்தாலும் ஒரு பெண் செத்தால்தான் இவர்களுக்குக் கதை வருகிறது” என்றார் அக்கா. அதற்கு நம்மில் யாரிடமும் பதில் இல்லை. கூட்டம் அத்துடன் முடிந்தது.

இந்த எழுத்தாளரை ஏன் பிடித்துத் தொங்கினேன் என்று கேட்பவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பணியாற்றிய ஒரு நிலையத்தில் (எது என்று கேட்க வேண்டாம்) இப்படி ஒரு வழக்கு இருந்தது. இறந்த பெண்ணின் மகன் பால்வெட்டுத் தொழிலாளி. ரப்பர் பால் காய்ந்து கறுத்துப்போன சட்டையோடு வருவான். வாசல் படியேறாமல் நின்று, “ஏதாவது தெரிந்ததா, ஏட்டையா?” என்பான். மூன்று ஆண்டு வந்தான். பிறகு துப்புத் துலங்காததால் வழக்கு முடிக்கப்படுகிறது என்ற நோட்டீஸ் போயிற்று. எழுதியது என் கை. கையெழுத்து நல்ல கையெழுத்து. அதற்குப் பிறகு அவன் வரவில்லை. தலைவர் கேட்ட கேள்விக்கு நான் அன்று சொல்லாமல் விட்ட பதில் இதுதான்.

கணக்கு விவரம் பொருளாளரிடம் இருக்கிறது, விரும்புவோர் பார்த்துக்கொள்ளலாம். சென்ற ஆண்டின் மிச்சத்தில் கொஞ்சம் குறைந்திருக்கிறது. நகல் எடுத்த வகையில் செலவு கூடுதல் என்று பொருளாளர் குறிப்பிட்டார். கூடுதல்தான். நூல்கள் ஆங்கிலத்தில் இருந்ததால், மாதந்தோறும் தமிழில் சுருக்கம் எழுதி, அத்தனை உறுப்பினர்களுக்கும் நகல் எடுத்து வைத்தேன். வந்து வாங்காதவர்களின் நகல்கள் ஒரு பெட்டி நிறைய என் வீட்டில் இருக்கின்றன. பேரன் பின்பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதுகிறான். உறுப்பினர்களில் பாதிக்கும் குறைவானவர்களே சந்தா செலுத்தியிருக்கிறார்கள். பெயர்ப் பட்டியல் தயாராக இருந்தது. தலைவர் வேண்டாம் என்றதால் இணைக்கவில்லை.

இடம் தந்த நூலகருக்கும், நாற்காலி தந்த பந்தல்காரருக்கும், காப்பி தந்த கடைக்காரருக்கும், ஒத்துழைத்த செயற்குழுவினருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு செயலாளர் பொறுப்புக்கு இளைஞர் எவரேனும் முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். இதை ஆறாவது ஆண்டாகச் சொல்கிறேன். யாரும் வராவிட்டால் எல்ராயை இன்னும் ஒரு ஆண்டு தொடரலாம் என்று எண்ணம். 2023இல் வந்த அவருடைய நாவல் நம் கைக்கு இன்னும் வரவில்லை, அதை வாங்க வட்டத்தில் பணமும் இல்லை.

கடைசியாக ஒன்று. அக்டோபரில் வாசித்த அந்த 1996ஆம் ஆண்டு நூல் என் சொந்தப் பிரதி. கூட்டம் முடிந்து இரண்டு வாரம் கழித்து நூலக மேசையிலிருந்து காணவில்லை. இரவல் பதிவேட்டில் யாருடைய கையெழுத்தும் இல்லை. எடுத்தவர் யாராக இருந்தாலும் படித்து முடித்துவிட்டு அதே மேசையில் வைத்துவிடலாம். விசாரணை இராது. 211ஆம் பக்கத்தில் அடையாளமாக ஒரு பழைய பஸ் டிக்கெட் வைத்திருக்கிறேன், அதை மட்டும் எடுத்துவிட வேண்டாம். சந்தா ரசீதுப் புத்தகம் இப்போது என் பையில்தான் இருக்கிறது.

இங்ஙனம்,
செயலாளர்