விளக்கையும் வௌவால் கருவியையும் பிரித்து வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலைச் சூழல் கழகங்களும் இளைஞர் மன்றங்களும் இரவில் அந்துப்பூச்சி, வௌவால் கணக்கெடுப்புக்கு ஆர்வம் காட்டுவது நல்ல விடயம். 1963இல் அறிவிக்கப்பட்ட நேவல் ஹெட்வேர்க்ஸ் சரணாலயம் போன்ற காடுகள் திருகோணமலையில் இருக்க, பகலில் பறவை பார்ப்பதோடு நின்றுவிடத் தேவையில்லை. ஆனால் அந்துப்பூச்சிகளை இழுக்க வெள்ளைத் துணியும் விளக்கும் கட்டிய இடத்திலேயே, நம் காதுக்குக் கேளாத வௌவால் ஒலியைப் பிடிக்கும் கருவியையும் வைத்துவிட்டால், அன்றிரவு எடுக்கும் இரண்டு பதிவுகளும் பழுதாகிவிடும்.

விளக்கில் குவியும் பூச்சிகளைப் பிடிக்கத் திறந்த வெளியில் வேகமாகப் பறக்கும் சிறு வௌவால்கள் வந்து சுற்றும். வழமையில் வௌவாலின் ஒலி கேட்டதும் சுழன்று விழுந்து தப்பும் அந்துப்பூச்சிகள் இரச ஆவி விளக்கின் வெளிச்சத்தில் அந்தத் தற்காப்பைப் பெரும்பாலும் இழக்கின்றன. துணிக்கு வரவேண்டியவற்றில் ஒரு பங்கு வௌவாலின் வயிற்றுக்குப் போகும். வெளிச்சத்தை வெறுக்கும் லாடமூக்கு வௌவால்களோ அந்தப் பக்கமே வராது. கருவியில் ஒரே இனம் நூறு முறை பதிவாகும். காட்டில் உள்ள மற்றவை இல்லாதவை போலத் தெரியும். ஆகவே இரண்டுக்கும் இடையில் குறைந்தது 100 மீற்றர் தூரம் விடுங்கள், நடுவில் மரங்கள் நின்றால் இன்னும் நல்லது. ஜெனரேற்றரின் இரைச்சலும் கருவிக்கு ஆகாது.

விளக்கு விடயத்தில் 125 வாற் இரச ஆவி மின்குமிழுக்கு மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சோக் வேண்டும். சோக் தேவைப்படாத 160 வாற் கலப்புக் குமிழை நேரே ஹோல்டரில் போடலாம். எதுவானாலும் எரியும்போது மழைத்துளி பட்டால் வெடிக்கும், மின்சாரம் நின்றால் ஆறும்வரை சில நிமிடங்களுக்குத் திரும்ப எரியாது. வெளிக் கண்ணாடி உடைந்த குமிழை ஒருபோதும் ஏற்றக்கூடாது, கண்ணும் தோலும் பாதிக்கப்படும். இப்போது 365 முதல் 370 நனோமீற்றர் வரையிலான புறஊதா எல்.ஈ.டி. விளக்குகளைப் பவர் பாங்கிலேயே எரிக்கலாம். 395 நனோமீற்றர் என்று விற்கப்படும் மலிவு ரோச்சுகள் கண்ணுக்கு ஊதாவாகத் தெரிந்தாலும் பூச்சியை அவ்வளவு இழுப்பதில்லை. புறஊதா எல்.ஈ.டி. விளக்குக்கும் பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும். துணியின் கீழே முட்டை அட்டைகளைப் பரப்பினால் பூச்சிகள் அவற்றின் குழிகளில் அடங்கும். பல்லியும் தேரையும் எறும்பும் துணிக்கு வந்து சேரும் என்பதால் அரைமணிக்கு ஒருமுறை எண்ணுங்கள். விடியமுன் அட்டைகளைப் பற்றைக்குள் உதறிவிடாவிட்டால் கரிக்குருவிகள் வந்து மிச்சத்தை முடித்துவிடும்.

நாளைத் தெரிவதிலும் கவனம் வேண்டும். நிலவு நாளில் விளக்கின் இழுவை குறையும், அமாவாசையை ஒட்டிய நாட்களே பொருத்தம். தென்மேற்குக் கச்சான் காற்று பலமாக வீசும் மாதங்களில் துணி பாய்போல உப்பி நிற்கும், பூச்சியும் இராது. மாரியின் முதல் மழைக்குப் பின் நிறைய வரும். ஆனால் ஈசல் கிளம்பும் இரவில் துணி முழுவதும் ஈசலாகவே இருக்கும், அன்று எண்ண முயல்வது வீண். வயல் அருகே செம்மஞ்சளும் கறுப்புமாக எறும்பு போன்ற ஒரு சிறு வண்டும் விளக்குக்கு வரும். கழுத்தில் ஊர்ந்தால் ஊதிவிடுங்கள். நசுக்கினால் அதன் நீர் பட்ட இடம் மறுநாள் எரிந்து கொப்புளிக்கும்.

ஒலிக் கருவி வாங்குவோர் பெரும்பாலும் விலையைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது மாதிரியெடுப்பு வேகம், அதாவது ஒரு நொடியில் கருவி ஒலியை எத்தனை முறை அளக்கிறது என்பது. 256 கிலோஹேர்ட்ஸில் பதியும் கருவியில் அதன் பாதியான 128க்கு மேற்பட்ட ஒலி பதிவாகாது. இங்குள்ள சில இலைமூக்கு வௌவால்கள் 130ஐ அண்டியும் அதற்கு மேலும் ஒலி எழுப்புவதால், 384 கிலோஹேர்ட்ஸ் கருவியே பாதுகாப்பு. அவ்வளவு உயர்ந்த ஒலி காற்றில் சில மீற்றருக்குள் மங்கிவிடும். எனவே ஒலிவாங்கியை வெட்டவெளியில் வைக்காமல், காட்டுப்பாதை ஓரமாக இலைகள் உரசாதபடி 2 மீற்றர் உயரத்தில் கட்டுங்கள். அலைவரிசையைக் கையால் திருகும் எளிய கருவி என்றால் 45 கிலோஹேர்ட்ஸில் தொடங்கி மேலும் கீழும் தேடலாம். வெட்டுக்கிளி இனங்கள் சிலவும் இதே அலைவரிசையில் கத்தும். ஒரே இடத்திலிருந்து நிற்காமல் வந்தால் அது வௌவால் அல்ல. மரங்களில் தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவால் இக்கருவியில் சிக்காது. அது கண்ணையும் மூக்கையும் நம்பிப் பறப்பது. அது தங்கும் மரத்தைச் சுற்றி ஆளுக்கொரு திசையாக நின்று, பொழுது பட வெளியேறுவதை எண்ணுவதே வழி.

ஒவ்வொரு தாளிலும் நேரம், வெப்பநிலை, காற்று, முகில், நிலவு எல்லாம் இருக்கட்டும். ஒன்றும் வராத அரைமணியில் பூச்சியம் என்று எழுதுங்கள், வெற்றிடமாக விடாதீர்கள். சிறிய சாம்பல் நிற அந்துப்பூச்சிகளின் இனத்தைப் படத்தை வைத்து ஊகிப்பதைவிட, அளவுகோலோடு படமெடுத்து 'இனம் தெரியாது' என்று குறிப்பது நேர்மை.

சரணாலயத்துக்குள் போக வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியையும், துறைமுகத்தை அண்டிய இடமானால் கடற்படையின் அனுமதியையும் முன்கூட்டியே பெறவேண்டும். யானை நடமாட்டம் தெரிந்த அலுவலர் ஒருவர் கூட வரவேண்டும். விரியன் பாம்புகள் உள்ள நிலம், சப்பாத்து இல்லாத பிள்ளையை அழைத்துச் செல்லக்கூடாது. விழுந்து கிடக்கும் வௌவாலை எவரும் கையால் தூக்கவேண்டாம். விசர்நோய்க் கிருமிக்கு நெருங்கிய கன்னொறுவ வைரஸ் 2015இல் நம் நாட்டுப் பழந்தின்னி வௌவால்களில்தான் கண்டறியப்பட்டது. கடித்தாலோ கீறினாலோ காயம் சிறிதென்று விடாமல், சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றிரவே வைத்தியசாலைக்குப் போய்க் கடித்தது வௌவால் என்று சொல்லவேண்டும்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.